முதியோர் இல்லத்தில் வேலை செய்கிறவர்கள் மனம் சோராமல் இருக்க, அதிகச் செலவில்லாமல் என்ன செய்யலாம்? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

கும்பகோணம் பக்கத்தில் ஒரு முதியோர் இல்லத்தை 11 வருடமாகப் பார்த்துக்கொள்கிறேன். 38 பெரியவர்கள், அதில் 9 பேர் படுக்கையோடு இருப்பவர்கள். ஆயாக்கள், சிஸ்டர், சமையல், வாட்ச்மேன் எல்லாம் சேர்த்து 16 பேர் வேலை செய்கிறார்கள். நன்கொடையில் ஓடுகிற இல்லம், கையில் பணம் மிஞ்சுகிற மாதம் குறைவு. மற்ற இல்லங்களை நடத்துகிறவர்கள் போன் செய்தால், பேச்சு எங்கே ஆரம்பித்தாலும் கடைசியில் "ஆளே நிக்க மாட்டேங்கிறாங்க" என்பதில்தான் வந்து முடியும். திரும்பத் திரும்ப வந்த கேள்விகளை அவர்கள் கேட்ட மாதிரியே எழுதியிருக்கிறேன். பதில்கள் எங்கள் இல்லத்தில் பலித்ததையும் பலிக்காததையும் வைத்துச் சொன்னவை.

சம்பளம் கூட்ட வழியில்லை மேடம். அதைச் செய்யாம வேற என்ன செஞ்சாலும் பிரயோஜனம் இருக்குமா?

இருக்கும், ஆனால் கொடுக்கிற சம்பளம் சொன்ன தேதியில் கைக்குப் போக வேண்டும். நன்கொடை 7-ஆம் தேதிக்கு மேல்தான் வரும் என்றால் சம்பள நாள் 10 என்று வைத்துக்கொள்ளுங்கள், யாரும் கோபித்துக்கொள்ள மாட்டார்கள். 5 என்று சொல்லிவிட்டு ஒரு மாதம் 8, அடுத்த மாதம் 13 என்று இழுக்கும்போதுதான் ஆள் உடைந்து போகிறார். அந்தத் தேதியை நம்பிக் குழுக்கடன் தவணைக்கும் சீட்டுக்கும் வாக்குக் கொடுத்திருப்பார், தவறினால் வாசலில் வந்து நின்று கேட்பார்கள், தெருவே பார்க்கும், மறுநாள் காலை அதே மனதோடுதான் நம் பெரியவருக்குக் கஞ்சி ஊட்ட வருவார்.

அரசு நிர்ணயித்த குறைந்தபட்சக் கூலிக்குக் கீழே கொடுத்துக்கொண்டு இதில் இருக்கிற மற்ற யோசனைகளைச் செய்து பார்க்காதீர்கள். முதலில் அதைச் சரிசெய்யுங்கள். அதற்கு மேல் உயர்த்த முடியாமல் இருக்கிறவர்களுக்குத்தான் கீழே சொல்வதெல்லாம்.

காசே செலவு பண்ணாம, நாளைக்குக் காலையிலேயே ஆரம்பிக்கிற மாதிரி ஏதாவது ஒண்ணு சொல்லுங்க.

நாற்காலி. வார்டில் ஆயா உட்காருவதற்கென்று ஒரு நாற்காலி போடுங்கள். பல இல்லங்களில் பார்த்திருக்கிறேன், பார்க்க வருகிற உறவினருக்கு நாற்காலி இருக்கும், ஆயா தரையில் சுவரில் சாய்ந்து உட்கார்ந்திருப்பார், மேனேஜர் செருப்புச் சத்தம் கேட்டால் பதறி எழுந்துவிடுவார். நின்றுகொண்டே வேலை செய்கிறவர்களுக்கு உட்கார இடம் தர வேண்டும் என்று தமிழ்நாட்டில் கடைகள், நிறுவனங்கள் சட்டத்தையே 2021-இல் திருத்தினார்கள். நாற்காலி போட்டால் மட்டும் போதாது. நீங்கள் உள்ளே வரும்போது அவர் எழப்போனால் "உட்காருங்க, உட்காருங்க" என்று நீங்களே சொல்ல வேண்டும். ஒரு மாதமாவது சொல்ல வேண்டியிருக்கும், அப்புறம்தான் நம்புவார்கள்.

இன்னொன்று, பெயர். எங்கள் இல்லத்தில் "ஏ ஆயா" என்று யாரும் கூப்பிடக் கூடாது, பெயரோடு அக்கா சேர்த்துத்தான் கூப்பிட வேண்டும். பெரியவரின் மகனோ மகளோ வரும்போது ஆயாவின் பெயரைச் சொல்லி "உங்க அப்பாவைப் பகல்ல முழுக்க இவங்கதான் பாத்துக்கறாங்க" என்று அறிமுகம் செய்கிறேன். அவர்களும் போகும்போது அந்த அக்காவிடம் சொல்லிக்கொண்டு போகிறார்கள்.

டூட்டி லிஸ்ட் போடறதுல அப்படி என்ன இருக்கு? மூணு ஷிப்ட், மாத்தி மாத்திப் போட்டுட்டுப் போறோம்.

அதில்தான் நிறைய இருக்கிறது. எங்கள் காலை டூட்டி முன்பு 8 மணிக்கு. டவுன் பஸ் எங்கள் நிறுத்தத்துக்கு வருவது 8.10, அதற்கு முந்தைய பஸ் 6.50. சாதாரணக் கட்டண டவுன் பஸ்ஸில் பெண்களுக்கு 2021 மே மாதத்திலிருந்து கட்டணம் கிடையாது, ஆனால் 8.10 பஸ்ஸில் வந்தால் லேட் என்று நாங்கள் எழுதிவிடுவோம். அதனால் ஐந்து பேர் தினமும் ஷேர் ஆட்டோவுக்கு 20 ரூபாய் கொடுத்து வந்திருக்கிறார்கள், வருடக்கணக்கில், யாரும் எங்களிடம் சொல்லவுமில்லை, நாங்கள் கேட்கவுமில்லை. ஒருநாள் மழையில் ஆட்டோ கிடைக்காமல் நனைந்து வந்த ஒரு அக்கா சொல்லித்தான் தெரிந்தது. டூட்டியை 8.20 ஆக்கினோம், அவ்வளவுதான். 26 நாளுக்கு 520 ரூபாய் அவர்கள் கையில் நின்றது. உங்கள் ஊர் பஸ் நேரத்தை எழுதி வைத்துக்கொண்டு உங்கள் ஷிப்ட் நேரத்தோடு ஒப்பிட்டுப் பாருங்கள்.

அடுத்த மாத லிஸ்ட்டை 25-ஆம் தேதிக்குள் ஒட்டிவிடுங்கள். அதற்கு முன்னால் ஒரு நோட்டு வையுங்கள், அதில் அவரவர் ஊர்த் திருவிழா, வளைகாப்பு, காதுகுத்து, பிள்ளைக்குப் பத்தாம் வகுப்புப் பரீட்சை என்று வேண்டிய நாளை எழுதட்டும். எல்லாருக்கும் எல்லா நாளும் கொடுக்க முடியாது. கொடுக்க முடியாதபோது ஏன் என்று முகத்தைப் பார்த்துச் சொல்லிவிட்டால் பெரும்பாலும் ஏற்றுக்கொள்கிறார்கள். இரண்டு பேர் தங்களுக்குள் டூட்டி மாற்றிக்கொள்ள வந்தால், ஒரே ஆள் தொடர்ந்து இரண்டு ஷிப்ட் பார்க்கிற மாதிரி இல்லாத வரைக்கும், சரி என்று விட்டுவிடுங்கள்.

டீ, சாப்பாடு எல்லாம் குடுத்துட்டுத்தான் இருக்கோம். அதுல புதுசா என்ன செய்யணும்?

எப்படிக் கொடுக்கிறோம் என்பதைப் பாருங்கள். பெரியவர்களுக்கெல்லாம் கொடுத்துவிட்டுப் பாத்திரத்தின் அடியில் நிற்கிற ஆறின டீயா, இல்லை சூடாகப் போட்ட டீயா? நாங்கள் 11 மணிக்கும் 4 மணிக்கும் பணியாளர்களுக்குத் தனியாகப் போடச் சொன்னோம். கூடுதல் செலவு பாலும் கொஞ்சம் கேஸும்தான். அந்தப் பத்து நிமிடத்துக்கு மணி அடித்தால் நானோ சிஸ்டரோ போவோம், டீ குடிக்கிறவர் எழுந்து போகக் கூடாது. டம்ளர், தட்டு எல்லாருக்கும் ஒன்றுதான். ஆயாக்களுக்கென்று தனி டம்ளர் வைத்திருக்கிற இல்லம் இன்னும் இருக்கிறது, அது உங்கள் இல்லமாக இருந்தால் இன்றைக்கே எடுத்துவிடுங்கள்.

முக்கியமான விஷயம் அன்னதானம். பிறந்தநாள், திதி என்று சாப்பாடு போட வருகிறவர்கள் "எத்தனை பேருக்கு?" என்று கேட்பார்கள். நாங்கள் ரொம்ப நாள் 38 என்றே சொல்லிக்கொண்டிருந்தோம். வடை பாயசத்தோடு இலை போட்டு, நின்று பரிமாறி, எச்சில் இலை எடுத்துவிட்டு, ஆயாக்கள் உள்ளே போய் சாம்பார் சாதம் சாப்பிடுவார்கள். இப்போது அன்றைக்கு டூட்டியில் இருக்கிறவர்களையும் சேர்த்தே எண்ணிக்கை சொல்கிறோம். இதுவரை ஒரு நன்கொடையாளர்கூட முகம் சுளித்ததில்லை. சிலர் "அவங்களும் எங்களோட உட்காரட்டும்" என்று பந்தியிலேயே உட்கார வைத்துவிட்டார்கள்.

'இந்த மாதத்தின் சிறந்த ஊழியர்'னு போட்டோ மாட்டினா உற்சாகமா இருக்கும்ல?

பதினாறு பேர் இருக்கிற இடத்தில் வேண்டாம். நாங்கள் நான்கு மாதம் மாட்டிப் பார்த்தோம். முதல் மாதம் கை தட்டினார்கள், இரண்டாவது மாதம் "மேடம்கிட்ட நல்லா பேசினா போட்டோ வரும்" என்ற பேச்சு வந்தது, நான்காவது மாதம் போட்டோவில் இருந்தவரே வந்து எடுத்துவிடச் சொன்னார். வார்டு வேலை இரண்டு பேர் சேர்ந்து செய்கிற வேலை. ஒருவர் திருப்பிப் பிடிக்க, இன்னொருவர் துடைக்கிறார், இதில் யாரைச் சிறந்தவர் என்பது?

பாராட்ட வேண்டுமானால் செய்த காரியத்தைச் சொல்லிப் பாராட்டுங்கள். "எல்லாரும் நல்லா பண்றீங்க" என்பது காதில் விழாது. "நேத்து ராத்திரி ஏழாம் நம்பர் அம்மாவுக்கு இடுப்புக்குக் கீழே சிவந்திருக்குன்னு நீங்க பாத்துச் சொன்னதால புண்ணாகாம தப்பிச்சது" என்று டூட்டி மாறும் நேரத்தில், இரண்டு ஷிப்ட் ஆட்களும் இருக்கும்போது சொல்லுங்கள். குடும்பத்தார் போனில் நன்றி சொன்னால் அதை உங்களோடு வைத்துக்கொள்ளாமல், யாரைச் சொன்னார்களோ அவரைக் கூப்பிட்டு போனைக் கொடுத்துவிடுங்கள்.

முதுகுவலி, முதுகுவலின்னு லீவு போடறாங்க. இதுக்கும் மனசுக்கும் என்ன சம்பந்தம்?

படுக்கையோடு இருப்பவரை இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை புரட்டிவிட வேண்டும், இல்லையென்றால் படுக்கைப்புண் வரும். 60 கிலோ ஆளை ஒரு ஷிப்ட்டில் நான்கு தடவை, அப்படி 9 பேர். நம் இரும்புக் கட்டில்கள் தாழ்வானவை, ஒவ்வொரு தடவையும் இடுப்பை மடக்கித்தான் நிற்க வேண்டும். உடம்பு ஓய்ந்து போகிறவர்களிடம் சிரித்த முகத்தை எதிர்பார்ப்பது நியாயமில்லை. பணம் செலவழிக்க முடிந்தால் நான் முதலில் இதற்குத்தான் செலவழிப்பேன்.

எங்கள் ஊர் ஆசாரியிடம் ஆறு அங்குல உயரத்தில் கனமான மரக்கட்டைகள் செய்து வாங்கினோம், கட்டில் கால் நழுவாமல் உட்காருவதற்கு மேலே குழி தோண்டி. படுக்கையோடு இருப்பவர்களின் கட்டிலுக்கு மட்டும் வைத்தோம். எழுந்து நடக்கிறவர் கட்டிலை உயர்த்தவே கூடாது, இறங்கும்போது விழுந்துவிடுவார். அப்புறம் பழைய பருத்தி வேட்டி. நான்காக மடித்து, பெரியவரின் தோளிலிருந்து தொடை வரைக்கும் அடியில் குறுக்காகப் போட்டுவிட வேண்டும். நகர்த்தும்போது இரண்டு பக்கமும் ஒருவர் நின்று, வேட்டி ஓரத்தை உடம்போடு ஒட்டிவருகிற மாதிரி சுருட்டிப் பிடித்து, ஒண்ணு ரெண்டு மூணு என்று சொல்லிச் சேர்ந்து இழுத்தால் அக்குளைப் பிடித்துத் தூக்க வேண்டியதில்லை. பெரியவருக்கும் தோல் உரசாது. ஒரு பிசியோதெரபிஸ்ட்டை ஒரு மணி நேரம் வரவழைத்து இதைக் காட்டச் சொன்னோம், அவர் பணம் வாங்கிக்கொள்ளவில்லை.

கையுறையை இரண்டு அளவில் வாங்குங்கள். பெரிய அளவை மட்டும் வாங்கினால் சிறிய கைக்காரர்கள் கழற்றிவிட்டு வெறுங்கையோடு டயப்பர் மாற்றுவார்கள். ஹெபடைடிஸ் பி தடுப்பூசி முதல் நாள், ஒரு மாதம், ஆறு மாதம் என்று மூன்று தவணை. இல்லத்தின் செலவில் போட்டுவிடுங்கள்.

இன்சூரன்ஸ் எல்லாம் பெரிய கம்பெனிக்குத்தானே? நம்மால முடியுமா?

முடியும். வங்கியில் சேமிப்புக் கணக்கு இருந்தால் போதும், பிரதம மந்திரி சுரக்ஷா பீமா யோஜனாவில் வருடத்துக்கு 20 ரூபாய், 18 முதல் 70 வயது வரை, விபத்தில் இறந்தால் 2 லட்சம். ஜீவன் ஜோதி பீமா யோஜனாவில் வருடத்துக்கு 436 ரூபாய், 18 முதல் 50 வயதுக்குள் சேரலாம், எந்தக் காரணத்தால் இறந்தாலும் குடும்பத்துக்கு 2 லட்சம். இரண்டும் சேர்த்து ஒரு ஆளுக்கு 456 ரூபாய். பாலிசி வருடம் ஜூன் 1 முதல் மே 31 வரை, பணம் அவர்கள் கணக்கிலிருந்து தானாகப் பிடிப்பார்கள், அதனால் நாங்கள் மே 10-ஆம் தேதி போடுகிற சம்பளத்தோடு 456 ரூபாயைச் சேர்த்துப் போட்டுவிடுகிறோம். படிவம் நிரப்ப வங்கிக்கு நானே கூடப் போனேன். நாமினி பெயர் எழுதும்போது ஒரு அக்கா மகள் பெயரை மூன்று தடவை எழுத்துக் கூட்டிச் சரிபார்த்தார்.

பத்துப் பேரோ அதற்கு மேலோ இருந்தால் இ.எஸ்.ஐ. (தொழிலாளர் அரசுக் காப்பீடு) உங்கள் இல்லத்துக்குப் பொருந்துமா என்று ஆடிட்டரிடம் கேளுங்கள். மாதச் சம்பளம் 21,000 ரூபாய் வரைக்கும் உள்ளவர்களுக்கு அது. தொழிலாளி பங்கு 0.75 சதவீதம், நம் பங்கு 3.25 சதவீதம். 10,000 ரூபாய் சம்பளத்துக்கு அவர் 75, நாம் 325. குடும்பத்துக்கே வைத்தியம் கிடைக்கிறது.

அட்வான்ஸ் கேட்டுக்கிட்டே இருக்காங்க. குடுத்தா பழகிடும், குடுக்கலைன்னா மூஞ்சி தூக்கி வெச்சுக்கறாங்க.

விதி இல்லாததால் வருகிற பிரச்சினை இது. கெஞ்சினால் கிடைக்கும், சண்டை போட்டால் கிடைக்கும் என்றால், கேட்கவே கூச்சப்படுகிறவர் வெளியே வட்டிக்கு வாங்குவார். நாங்கள் எழுதி ஒட்டிவிட்டோம்: வருடத்துக்கு இரண்டு தடவை, அரை மாதச் சம்பளம் வரை, ஐந்து மாதத்தில் பிடித்தம், வட்டி இல்லை. பள்ளி திறக்கிற ஜூன் மாதம் நிறையப் பேர் கேட்பார்கள் என்று தெரியும், அதற்காக மார்ச்சிலிருந்தே கொஞ்சம் ஒதுக்கி வைக்கிறோம். மருத்துவச் செலவு, சாவு இந்த இரண்டுக்கும் விதி கிடையாது, கேட்ட அன்றைக்கே கொடுத்துவிடுவோம்.

நைட் டூட்டிக்கு யாரும் வர மாட்டேங்கிறாங்க.

தொடர்ந்து மூன்று இரவுக்கு மேல் போடாதீர்கள், தனியாகவும் போடாதீர்கள். ராத்திரி ஒரு மணிக்கு பயம் வேறு, பசி வேறு. நாங்கள் பிளாஸ்க்கில் டீயும் இரண்டு வாழைப்பழமும் வைத்துவிடுகிறோம். ஏதாவது ஆனால் யாரைக் கூப்பிடுவது என்று பெரிய எழுத்தில் சுவரில் எழுதியிருக்கிறோம், முதல் நம்பர் என்னுடையது. அந்த நேரத்தில் கூப்பிட்டதற்காக யாரையும் ஒருநாளும் கடிந்துகொண்டதில்லை.

வாட்ஸப் குரூப் ஆரம்பிச்சா ஒத்துமையா இருப்பாங்களா?

டூட்டி லிஸ்ட் அனுப்ப வைத்துக்கொள்ளலாம். லீவில் இருக்கிறவருக்கு அதில் வேலை சொல்லாதீர்கள், தப்பை அதில் எழுதாதீர்கள்.

பெரியவங்களே திட்டறாங்க, அடிக்கறாங்க, ஜாதி சொல்லிப் பேசறாங்க. அவங்களை என்ன சொல்ல முடியும்?

இதில் இரண்டு வகை இருக்கிறது, கலக்காதீர்கள். மறதி நோய் வந்தவர் அடிப்பது நோயால். குளிக்க வைக்கும்போது யாரோ துணியை உருவுகிறார்கள் என்று பயந்து கையை ஓங்குவார். அந்த நேரத்தில் கட்டாயப்படுத்தாமல் பதினைந்து நிமிடம் கழித்துப் போனால் பெரும்பாலும் ஒத்துக்கொள்வார். அதை ஆயாவுக்குச் சொல்லித்தர வேண்டும், அடிபட்டவரை அன்றைக்கு வேறு வார்டுக்கு மாற்றிவிட வேண்டும். "வயசானவங்கதானே, பொறுத்துக்கோ" என்று மட்டும் சொல்லாதீர்கள்.

நினைவு நன்றாக இருந்துகொண்டே "அவ கையால தண்ணி வேண்டாம், வேற ஆளை அனுப்பு" என்று சொல்கிறவர் இரண்டாவது வகை. எங்களிடம் ஒருவர் அப்படிச் சொன்னபோது, என் முதல் வருடம், சண்டை வேண்டாம் என்று நான் வேறு ஆளை அனுப்பினேன். அந்த அக்கா ஒன்றும் பேசவில்லை, சொம்பைக் கீழே வைத்துவிட்டுப் போனார், மாதக் கடைசியில் வேலையை விட்டுவிட்டார். இன்றைக்கும் எனக்கு அது உறுத்துகிறது. இப்போது சேர்க்கும்போதே குடும்பத்தாரிடமும் பெரியவரிடமும் சொல்லிக் கையெழுத்து வாங்குகிறோம்: இங்கே யார் கையாலும் சாப்பிட வேண்டும், ஜாதி பேசினால் இடம் கிடையாது. இரண்டு பேரைத் திருப்பி அனுப்பியிருக்கிறோம்.

தவறாகத் தொடுகிற ஆண்களும் உண்டு. நோயோ இல்லையோ, அந்தப் பெண்ணை மறுபடி தனியாக அங்கே அனுப்பாதீர்கள், இரண்டு பேராகப் போகட்டும் அல்லது ஆண் பணியாளர் போகட்டும். பத்து பேரோ அதற்கு மேலோ வேலை செய்கிற இடத்தில் 2013-ஆம் வருடச் சட்டப்படி உள்ளகப் புகார்க் குழு இருந்தாக வேண்டும். அதற்குக் கீழே என்றால் மாவட்ட அளவில் குழு இருக்கிறது. குழுவில் யார் யார் என்பது ஆயாக்கள் உடை மாற்றுகிற அறைச் சுவரில் இருக்கட்டும்.

ஒரு பெரியவர் இறந்துட்டா ரெண்டு மூணு நாளைக்கு யாரும் சரியா வேலை செய்யறதில்லை. எப்படித் தேத்தறது?

உடனே தேற்றப் பார்க்காதீர்கள். மூன்று வருடம் ஊட்டிவிட்டு, தலை வாரிவிட்டு, மகன் பெயரைச் சொல்லி அழும்போது கையைப் பிடித்துக்கொண்டிருந்தவர்கள். முன்பு எங்கள் இல்லத்தில் ஆம்புலன்ஸ் வந்து எடுத்துப் போனதும், படுக்கையைக் கழுவி அன்றைக்கு மாலையே அடுத்தவரைச் சேர்த்த நாள் உண்டு. ஒரு அக்கா புதிதாக வந்த அம்மாவைப் பழைய அம்மாவின் பெயர் சொல்லிக் கூப்பிட்டுவிட்டு, கழிவறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டார்.

இப்போது குறைந்தது ஒருநாள் அந்தக் கட்டில் காலியாக இருக்கும். குடும்பத்தார் சம்மதித்தால் பார்த்துக்கொண்ட ஆயாவே குளிப்பாட்டி, கோடி உடுத்தி, பூ வைப்பார். சுடுகாட்டுக்கோ இறப்பு வீட்டுக்கோ போக நினைக்கிறவரை டூட்டி நேரமாகக் கணக்கு வைத்து அனுப்புகிறோம். வர முடியாதவர்கள் சாயங்காலம் டீ நேரத்தில் உட்கார்ந்து அவரைப் பற்றிப் பேசுவார்கள். பெரும்பாலும் சிரிக்கத்தான் செய்வார்கள், அவர் சர்க்கரையைத் தலையணைக்குள் ஒளித்து வைத்தது, இவரைத் தன் தங்கச்சி என்று நினைத்துத் திட்டியது என்று. யாராவது அழுதால் அழட்டும்.

இதெல்லாம் சரி, டிரஸ்டி ஒத்துக்கணுமே. "இவங்களுக்கு இவ்வளவு எதுக்கு?"ன்னு கேக்கறார்.

ஒரு ஆள் போனால் எவ்வளவு ஆகிறது என்று எழுதிக் கொடுங்கள். ஏஜென்சி கமிஷன், புது ஆள் பழகும் வரை இரண்டு வாரம் இன்னொருவர் கூடவே நிற்கிற சம்பளம், அந்த இடைவெளியில் மற்றவர்கள் பார்த்த கூடுதல் டூட்டி, உங்கள் இல்லத்துக் கணக்கிலிருந்தே எடுங்கள். மேலே சொன்ன மரக்கட்டை, டீ, 456 ரூபாய் எல்லாவற்றையும் பக்கத்தில் எழுதுங்கள். எங்கள் டிரஸ்டி அதைப் பார்த்தும் யோசித்துக்கொண்டுதான் இருந்தார். ஒருநாள் காலை 8 மணியிலிருந்து மதியம் வரை வார்டில் உட்காருங்கள் ஐயா என்று கேட்டுக்கொண்டேன். ஒரு பெரியவருக்கு வயிற்றுப்போக்கு, மூன்று தடவை துணி மாற்றினார்கள், அவர் பார்த்துக்கொண்டிருந்தார். தடுப்பூசிக்கான காசோலையில் அன்றைக்கே கையெழுத்துப் போட்டார்.

எல்லாம் செஞ்சும் விட்டுட்டுப் போறாங்களே மேடம். அப்ப எதுக்கு இவ்வளவும்?

போவார்கள். எங்களிடமும் போன வருடம் இரண்டு பேர் போனார்கள், ஒருவர் மகள் பிரசவத்துக்காக, இன்னொருவர் டவுனில் ஒரு மருத்துவமனையில் 3,000 ரூபாய் அதிகம் என்பதால். அதைத் தடுக்கப் பார்க்கவும் கூடாது, பாக்கிச் சம்பளத்தை நிறுத்தி வைக்கவும் கூடாது. என்ன வேலை தெரியும் என்று விவரமாக அனுபவச் சான்று எழுதிக் கொடுங்கள்: புரட்டிவிடத் தெரியும், டியூப் வழியாக உணவு கொடுக்கத் தெரியும், சர்க்கரை அளவு பார்க்கத் தெரியும். கிளம்புகிற நாளில் டீ கொடுத்து உட்கார வைத்து, இங்கே எது கஷ்டமாக இருந்தது என்று கேளுங்கள். வேலையில் இருக்கிறவர் சொல்லாததை அவர் சொல்வார். ஷிப்ட்டை மூன்று இரவுக்கு மேல் போடாதது அப்படிக் கேட்டுத் தெரிந்துகொண்டதுதான்.

மருத்துவமனைக்குப் போன அக்கா பொங்கலுக்கு வந்திருந்தார். தான் பார்த்துக்கொண்ட அம்மாவின் கட்டிலில் உட்கார்ந்து கரும்பைச் சின்னச் சின்னதாக நறுக்கிச் சாறு பிழிந்து ஸ்பூனில் கொடுத்துக்கொண்டிருந்தார். அவருடைய தங்கை வேலைக்கு வருவாளா என்று நான் கேட்கவில்லை, அவரே கூட்டிக்கொண்டு வந்திருந்தார்.